பாட்டிலை எடை போட்ட ஊர்: நாம்போர் சன்ஸ்கிரீன் சோதனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி நாம்போர் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. கரும்பு விளைந்த பகுதி. அங்கே ஒரு சர்க்கரை ஆலை 2003 வரை ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் பக்கத்துக் கடற்கரைக்குப் போகும் வழியில் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் வெயிலிலிருந்து தோலைக் காப்பது பற்றி இன்று உலகம் முழுவதும் தோல் மருத்துவர்கள் சொல்லும் பல விஷயங்களுக்கு ஆதாரம் இந்த ஊர்க்காரர்களின் கைகளிலும் முகங்களிலும்தான் கிடைத்தது.

1992 பிப்ரவரியில் இங்கே 1,621 பேரை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. நாலரை ஆண்டு நடந்தது. அப்புறம் இன்னொரு பத்தாண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சன்ஸ்கிரீன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும். அதில் வந்த எண்களும் ஒரு காரணம்தான். அதைவிட, சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்குப் பிடித்தது.

ஏன் அந்த ஊர்?

ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் சிக்கலானது இல்லை. பிரிட்டன், அயர்லாந்து போன்ற வெயில் குறைந்த நாடுகளிலிருந்து போன வெளிர் தோல் மக்கள், பூமத்திய ரேகைக்கு நெருக்கமான ஒரு கண்டத்தில் குடியேறினார்கள். அந்தத் தோல் அந்த வெயிலுக்கு ஆனது இல்லை. போதாக்குறைக்கு, தென் பாதிக் கோளத்தில் கோடை வரும் ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் பலத்தைச் சொல்லும் எண்ணுக்கு யூ.வி. குறியீடு என்று பெயர். குயின்ஸ்லாந்தில் கோடை நண்பகலில் அது 12-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவுகோலில் 11-ஐத் தொட்டாலே 'மிகத் தீவிரம்' என்பார்கள்.

அந்த நாடு இதை முன்பே உணர்ந்திருந்தது. 1981-ல் ஒரு கடற்பறவை கார்ட்டூனை வைத்து ஒரு விளம்பரம் வந்தது: சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தொப்பியைப் போடு. மூன்றே கட்டளை. பின்னாளில் நிழலில் ஒதுங்கு, கண்ணாடி போடு என்று இரண்டைச் சேர்த்தார்கள். தொப்பி கொண்டு வராத பிள்ளைக்கு இடைவேளையில் விளையாட அனுமதி இல்லை என்ற பள்ளி விதியும் பரவியது.

இவ்வளவு பிரச்சாரம் நடந்தபோதும், சன்ஸ்கிரீன் உண்மையிலேயே புற்றுநோயைத் தடுக்கிறதா என்பதற்கு மனிதர்களிடம் நேரடி நிரூபணம் இருக்கவில்லை. தோல் சிவந்து எரிவதை அது தடுக்கிறது என்பது தெரியும். ஆனால் எரியாமல் இருப்பதும் புற்றுநோய் வராமல் இருப்பதும் ஒன்றுதானா? எரியவில்லை என்ற தைரியத்தில் கூடுதல் நேரம் வெயிலில் நின்று, ஜனங்கள் இன்னும் கெடுதல் தேடிக்கொள்வார்களோ என்றுகூட அப்போது சிலர் சந்தேகப்பட்டார்கள். அது நியாயமான சந்தேகம்.

விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோ ஊரில் 588 பேரிடம் 1991-92 கோடையில் நடந்த ஒரு சோதனை முதல் பதிலைத் தந்தது. வெயிலால் தோலில் வரும் சொரசொரப்பான செதில் திட்டுகள், அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியவை, ஒரே ஒரு கோடையில் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குக் குறைவாக வந்தன. நல்ல செய்திதான், ஆனால் திட்டு வேறு, புற்றுநோய் வேறு. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையை அடீல் கிரீன் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் நாம்போரில் எடுத்துக்கொண்டார்கள். 1986-லேயே வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, அந்த ஊரின் தோல்களை அவர்கள் ஆராய்ந்து வைத்திருந்தார்கள். அதனால் சோதனைக்கு வந்தவர்கள் கடற்கரையில் படுத்துக் கிடக்கும் இளைஞர்கள் இல்லை. கடைக்காரர், ஆலைத் தொழிலாளி, வீட்டில் இருப்பவர் என்று ஒரு சாதாரண ஊரின் சாதாரண மக்கள்.

ஒரே பாட்டில், இரண்டு வழக்கம்

வந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எஸ்.பி.எஃப். (தோல் எரியாமல் சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) 16 கொண்ட சன்ஸ்கிரீனை இலவசமாகக் கொடுத்து, தினமும் காலையில் தலை, முகம், கழுத்து, கை, புறங்கை எல்லாவற்றிலும் பூசச் சொன்னார்கள். நிறைய வியர்த்தாலோ, குளித்தாலோ, நெடுநேரம் வெயிலில் நின்றாலோ மறுபடியும் பூச வேண்டும். மழையா வெயிலா என்று பார்க்கக் கூடாது. வெளியே போகிறோமா வீட்டில் இருக்கிறோமா என்றும் பார்க்கக் கூடாது.

மறு பாதிக்கு எதைக் கொடுப்பது? வழக்கமான மருந்துச் சோதனையாக இருந்தால் மருந்தில்லாத வெறும் கிரீமைக் கொடுத்து, இரண்டில் எது எது என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். இங்கே அதைச் செய்யவில்லை. குயின்ஸ்லாந்து வெயிலில் நாலரை ஆண்டு ஒருவரை வெறும் கிரீமை நம்ப வைப்பது அநியாயம் என்று முடிவெடுத்தார்கள். அதனால் இரண்டாவது பாதியிடம் சொன்னது இதுதான்: நீங்கள் எப்போதும்போல் இருங்கள். பூசத் தோன்றினால் பூசுங்கள், தோன்றாவிட்டால் விடுங்கள்.

பூசியவர், பூசாதவர் என்று இந்தச் சோதனையைச் சுருக்கிச் சொல்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது தவறு. இரண்டாவது கூட்டத்திலும் பலர் சன்ஸ்கிரீன் பூசினார்கள். கடற்கரைக்குப் போகும் நாளில், கிரிக்கெட் பார்க்கப் போகும் நாளில், வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில். நம்மில் பலரும் அப்படித்தானே? சுற்றுலா போகும்போது பையில் ஒரு டியூப் இருக்கும், திரும்பி வந்ததும் அது அலமாரிக்குள் போய்விடும். நாம்போரில் ஒப்பிட்டுப் பார்த்தது தினமும் பூசுவதையும் தோன்றும்போது பூசுவதையும்தான்.

கூடவே இன்னொரு கேள்வியையும் சேர்த்திருந்தார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக, நாளுக்கு 30 மில்லிகிராம், பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். உள்ளுக்குச் சாப்பிட்டே தோலைக் காக்க முடியுமா என்று பார்க்க. முடியவில்லை. தோல் புற்றுநோயை அது தடுக்கவில்லை. மாத்திரை விழுங்கினால் தோல் பளபளக்கும், வெயில் தாக்காது என்று இன்றும் விற்கிறவர்கள் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்லத் தோன்றியது.

ஜனங்கள் சொன்னபடி பூசுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'தினமும் பூசுகிறேன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் ஆய்வுக்குழு திரும்பி வரும் பாட்டில்களை எடை போட்டது. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பூசியிருக்கிறார்கள். தராசில் தெரிந்தது, சராசரி ஆள் ஒரு நாளைக்கு சுமார் ஒன்றரை கிராம் மட்டும்தான் பூசியிருந்தார். தோல் பரப்பில் கணக்குப் போட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. பாட்டிலில் அச்சடித்திருக்கும் எஸ்.பி.எஃப். எண்ணை ஆய்வகத்தில் அளக்கும்போது பூசுவதோ 2 மில்லிகிராம். அதாவது இந்த மக்கள் பூச வேண்டிய அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. எஸ்.பி.எஃப். 16 என்பதே இன்றைய கணக்கில் குறைவு. அதையும் அரைகுறையாகப் பூசினார்கள்.

அதற்குப் பிறகும் வந்த முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

என்ன தெரிந்தது?

1999-ல் முதல் முடிவு வெளியானது. தோல் புற்றுநோயில் அதிகம் வருபவை இரண்டு வகை: தோலின் அடி அடுக்கிலிருந்து கிளம்பும் அடிசெல் புற்றுநோய், மேலடுக்கிலிருந்து கிளம்பும் செதிள்செல் புற்றுநோய். அடிசெல் வகையில் இரண்டு கூட்டங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செதிள்செல் வகையில், தோன்றும்போது பூசியவர்களுக்கு ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 1,832 கட்டிகள் என்ற கணக்கில் வந்திருந்தன. தினமும் பூசியவர்களுக்கு 1,115. கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு.

ஒரு வகைக்குப் பலன் தெரிந்து இன்னொன்றுக்குத் தெரியாதது ஏன்? அடிசெல் வகை உருவாக நெடுங்காலம் ஆகும். அதற்கான விதை பல ஆண்டுகளுக்கு முந்தைய வெயிலிலேயே விழுந்திருக்கலாம். நாற்பது வயதில் பூச ஆரம்பித்தவருக்கு நாலரை ஆண்டில் அது எப்படித் தெரியும்? செதிள்செல் வகை அப்படி இல்லை. அண்மைக் காலத்து வெயிலும் அதைத் தூண்டிவிடும், அந்த வெயிலைத் தடுத்தால் அது குறைகிறது.

வெயில் அங்கே என்னதான் செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியனின் புற ஊதாக் கதிரில் பி வகை தோலின் மேலடுக்குச் செல்களில் உள்ள டி.என்.ஏ.வை நேரடியாக அடிக்கிறது. டி.என்.ஏ. சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள், அதாவது இரண்டு வேதி அலகுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் அதை வெட்டித் திருத்தும். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கில் திருத்தும்போது சில தவறிப்போகும். தவறியவை சேர்ந்துகொண்டே போகும். ஏ வகைக் கதிர் இன்னும் ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் நாரைச் சிதைக்கிறது. சுருக்கமும் தளர்ச்சியும் அப்படித்தான் வருகின்றன. பி வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகை கண்ணாடியைத் தாண்டி வரும். அமெரிக்காவில் 28 ஆண்டு டெலிவரி லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்துச் சுருங்கித் தொங்கிக் கிடக்கும். வலது கன்னம் அவர் வயதுக்கு ஏற்றபடி இருக்கும். ஒரே மனிதர்தான். அதைப் பார்த்த பிறகு பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் திரையை இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

மெலனோமாவுக்கு வருவோம். தோல் புற்றுநோய்களில் அதிகம் உயிரை வாங்குவது இதுதான். சோதனை 1996-ல் முடிந்தது. அதற்குப் பிறகு யார் என்ன பூசுவது என்பது அவரவர் விருப்பம். ஆனாலும் 2006 வரை எல்லோரையும் கணக்கில் வைத்திருந்தார்கள். தோன்றும்போது பூசிய கூட்டத்தில் 22 மெலனோமா. தினமும் பூசிய கூட்டத்தில் 11. அதில் ஆழமாகப் பரவிய வகையை மட்டும் எடுத்தால் 11-க்கு 3.

எண்கள் சிறியவை என்பதை மறைக்கக் கூடாது. 1,621 பேரில் மொத்தமே 33. 22-க்கு 11 என்ற வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு, வழக்கமான எல்லைக்கோட்டை மயிரிழையில் தொடாமல் நின்றது. இதைச் சுட்டிக்காட்டி விமர்சித்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஆழமான வகையில் குறைவு தெளிவாகவே இருந்தது. தினமும் பூசியவர்கள் தைரியமாகக் கூடுதல் வெயிலில் நின்றார்களா என்றும் பார்த்தார்கள். இல்லை, இரண்டு கூட்டமும் வெளியே செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவு நீளமான, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒரு சோதனையின் முடிவை, வெறும் கேள்வித்தாள் ஆய்வுகளோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

புறங்கையில் எடுத்த அச்சு

2013-ல் அதே ஊரிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. நம் ஊருக்கு இதுதான் நேரடியாகப் பேசுகிறது என்று நினைக்கிறேன்.

55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரின் புறங்கையில் சிலிக்கோன் குழம்பை ஊற்றி அச்சு எடுத்திருந்தார்கள். சோதனையின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. தோலின் நுண்ணிய வரிகள் அச்சில் அப்படியே பதியும். இளந்தோலில் கோடுகள் நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வெயில்பட்ட தோலில் அவை அழிந்து, ஒரே பக்கமாக ஓடும் சில தடித்த கோடுகள் மிஞ்சும். எந்த அச்சு யாருடையது, எந்தக் கூட்டம் என்று தெரியாமலேயே மதிப்பெண் போட்டார்கள்.

தினமும் பூசியவர்களின் தோலில் நாலரை ஆண்டில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. இவர்களில் பலர் நடுத்தர வயதில் இருந்தவர்கள். இனிமேல் பூசி என்ன ஆகப்போகிறது என்று சொல்லக்கூடிய வயது. அந்த வயதில் ஆரம்பித்தும் பலன் கிடைத்தது.

இந்தச் சோதனைகளுக்குப் பின் ஆஸ்திரேலியா செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோலைச் செயற்கையாகக் கருக்க வைக்கும் யூ.வி. படுக்கைக் கடைகளை 2015-16 வாக்கில் மாநிலம் மாநிலமாக மூடிவிட்டது.

நம் தோலுக்கு இது எவ்வளவு பொருந்தும்?

நாம்போர் முடிவை அப்படியே தூக்கி வந்து, 'தினமும் சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் புற்றுநோய் வரும்' என்று தமிழ்நாட்டில் சொல்வது தவறு. விளம்பரங்கள் ஏறக்குறைய அப்படித்தான் பயமுறுத்துகின்றன. நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி ஒரு நல்ல குடை. மிகக் கறுத்த தோலின் மேலடுக்குக்கு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு இயற்கைப் பாதுகாப்பு உண்டு என்று 1979-லேயே அளந்திருக்கிறார்கள். வெளிர் தோலுக்கு 3 சொச்சம்தான். மாநிறம் இரண்டுக்கும் நடுவில். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால்கூடப் பெரும்பாலும் உள்ளங்காலில், நகத்தடியில் வரும். அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. அங்கே புதிதாக ஒரு கரும்புள்ளி வளர்ந்தால் சன்ஸ்கிரீனைத் தேடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் குடையிலும் ஓட்டை உண்டு. ஏ வகைக் கதிர் நம் கொலாஜனையும் விடுவதில்லை. அதோடு, வெயில் பட்டால் நிறமியைக் கொட்டிவிடும் தோல் நம்முடையது. கன்னத்தில் பழுப்பாகப் படரும் மங்குக்கு வெயில்தான் பெரிய தீனி. என் அத்தைக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. ஒரு மருந்துக்கடையில் சொன்ன கிரீமை இரண்டு ஆண்டு பூசினார். முதலில் வெளுத்தது, அப்புறம் தோல் மெலிந்து சிவந்து, மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. கிரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அந்த இரண்டு ஆண்டில் வெயிலை மறைக்கச் சொல்லி ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. தினமும் பத்து மணிக்கு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மங்கு இருப்பவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுப்பைக் கூட்டும். அதைத் தடுக்க வெள்ளைக் கிரீம் போதாது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன்தான் உதவும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

நாம்போர் முடிவு முழுசாகப் பொருந்துகிற ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பிறவியிலேயே மெலனின் இல்லாத அல்லது மிகக் குறைந்த அல்பினிசம் உள்ளவர்கள். அவர்கள் தோலுக்கு நம் ஊர் வெயில் குயின்ஸ்லாந்து வெயிலைப் போலத்தான். சென்னையில் ஏப்ரல் நண்பகலில் யூ.வி. குறியீடு 11-ஐத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். அந்தப் பிள்ளையை வெயிலில் நிறுத்தி உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையில் சேர்த்தி. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு வெயில் தோலோடு நிற்காமல் நோயையே கிளப்பிவிடும். வெண்புள்ளி இருப்பவர்களின் வெள்ளைத் திட்டுகள் சீக்கிரம் எரிந்துவிடும். சிகிச்சைக்காக டாக்டர் வெயில் காட்டச் சொன்னால் அந்த அளவோடு நிறுத்த வேண்டும்.

அப்புறம் வயலில் நிற்பவர்கள். களை எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க வியர்வை ஓடும் வேலையில் எந்தக் கிரீமும் நிற்காது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச யாருக்கும் வசதியும் இல்லை. அவர்கள் போட்டிருக்கும் அந்தச் சட்டைதான் சரியான பதில். நெருக்கமாக நெய்த, அடர் நிறத் துணி சன்ஸ்கிரீனைவிட நம்பகமானது. 1981-ல் ஆஸ்திரேலியா சொன்ன மூன்று கட்டளையில் முதலாவது சட்டை என்பதைக் கவனியுங்கள்.

வெயிலின் கடுமையை அறிய எந்தச் செயலியும் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் பலமாக அடிக்கிறது. அந்த நேரத்துக்குக் குடையோ நிழலோ சட்டையோ வேண்டும். துணி மறைக்காத முகம், கழுத்து, புறங்கைக்கு மட்டும் சன்ஸ்கிரீன் போதும். எஸ்.பி.எஃப். 30 நல்ல அளவு. அது பி வகைக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 தடுப்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுப்பதைவிட, விலை குறைந்ததை வாங்கித் தாராளமாகப் பூசுவதே என் தேர்வு. டப்பாவில் ஏ வகைக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும்.

அத்தையிடம் நாம்போர் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது பாட்டிலை எடை போட்டதைப் பற்றித்தான். நாளைக்கு ஒன்றரை கிராம் என்றால் 50 கிராம் டியூப் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று அவரே கணக்குப் போட்டார். இப்போது அவருடைய டியூப் குளியலறையில் பற்பசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்த தேதியை அதன் மேல் பேனாவால் எழுதி வைக்கிறார். முதல் டியூப் தீர நான்கு மாதம் ஆனது. போன டியூப் 40 நாளில் தீர்ந்தது.